கால் காசு உண்டு, கவர்மெண்ட் இல்லை
(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு, சங்கரன்கோவில்)



இரட்டைமலை சீனிவாசன் பெயரால் நடக்கும் கூட்டத்தில் தபால்காரர் சம்பளத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்களில் ஒருவர், "ஐயா, இது தொழிற்சங்கக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயமாச்சே" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். அதனால் பதிலை சீனிவாசனிடமிருந்தே தொடங்குகிறேன்.

1924-ல் சென்னை சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்த எந்தச் சாதியாருக்கும் தடை இருக்கக்கூடாது என்றது அந்தத் தீர்மானம். நாம் மேடைகளில் கிணற்றையும் குளத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். அதில் இன்னொன்றும் உண்டு: பொது அலுவலகம். சாமானியன் அன்றாடம் போக வேண்டிய சர்க்கார் அலுவலகம் கிராமத்தில் எது? தாலுகா கச்சேரி தூரத்தில் இருக்கிறது. ஊருக்குள் இருந்த அலுவலகங்களில் தபாலாபீஸ் முக்கியமானது.

அந்தத் தபாலாபீஸ் எங்கே இருந்தது? என் சின்ன வயதில் எங்கள் ஊரில் அது ஊர்த்தெருவில், ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தது. திண்ணை அவருடையது, மேசையும் பெட்டியும் முத்திரையும் சர்க்காருடையது. என் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் மணியார்டரில் வரும். பாட்டி திண்ணையில் ஏறியது கிடையாது. தெருவில் நின்று கையை நீட்டுவாள், மை தடவிய விரலைத் தாளில் பதிப்பாள், பணத்தை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். "ஏன் பாட்டி மேலே போகக்கூடாது? அது சர்க்கார் ஆபீஸ்தானே?" என்று கேட்டேன். "ஆபீஸ் சர்க்காரோடது, வீடு அவுகளோடதுல்லா" என்றாள்.

அந்த ஒரு வரியை விளங்கிக்கொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது. இன்றைய பேச்சு முழுவதும் அதற்கான விளக்கம்தான்.

அந்தத் திண்ணை ஏன் அவரிடம் போனது? வெள்ளைக்காரன் காலத்தில் கிராமங்களுக்குத் தபாலைக் கொண்டுபோக முழுநேர ஊழியர் போட்டால் செலவு கட்டாது என்று கணக்குப் போட்டார்கள். ஊரில் ஏற்கெனவே பிழைப்பு உள்ள ஒருவரிடம், அதாவது பள்ளி ஆசிரியர், கடைக்காரர், நிலபுலன் உள்ளவர் போன்ற ஒருவரிடம், சில மணி நேர வேலையாகக் கொடுத்து ஒரு சிறு படியைத் தரலாம் என்று முடிவு செய்தார்கள். இப்படி வந்தவர்கள்தான் 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல்' ஏஜெண்டுகள். நம் ஊர்களில் இ.டி. ஊழியர் என்போம். இலாகாவுக்குப் புறம்பானவர் என்று அர்த்தம். 2001-ல் 'கிராமின் டாக் சேவக்' என்று பெயர் மாறியது. இன்று ஜி.டி.எஸ். என்கிறோம். கிளை அஞ்சலகத்தை நடத்துபவர் பி.பி.எம்.; பையைச் சுமந்து வீடு வீடாகக் கொடுப்பவர் இப்போது உதவி பி.பி.எம். இந்தியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்களில் பத்துக்கு ஒன்பது கிராமப்புறத்தில் உள்ளவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவது இந்தப் 'புறம்பான' ஆட்கள்தான்.

இவர்களுக்கான நடத்தை விதிகளை மாணவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். சாரத்தை மட்டும் சொல்கிறேன். ஊழியரிடம் ஒரு நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கேட்கப்படாது. அவர் ஒன்றிய அரசின் சிவில் பணிக்கு வெளியே இருப்பார். அரசு ஊழியருக்குச் சமமாகத் தன்னைக் கருதும்படி கேட்கக்கூடாது. ஓய்வூதியம் கிடையாது. கிளை அஞ்சலகத்துக்கு இடம் பி.பி.எம். தர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தன் குடும்பத்தைக் காப்பாற்ற இந்தப் படியைத் தவிர வேறு வருமானம் இருக்கிறது என்று அவரே உறுதிமொழி எழுதித்தர வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தது. முதலாவது, நிலமில்லாதவனை வாசலிலேயே நிறுத்தியது. சொத்து இருக்கிறதா, ஆபீஸுக்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்டால் சேரியிலிருந்து யார் போக முடியும்? சாதி என்ற சொல் விதியில் எங்கேயும் இல்லை. தேவையும் இல்லை, நிலம் என்ற சொல் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. இரண்டாவது, உள்ளே வந்தவருக்குக் குறைந்த பணம் கொடுக்க அதுவே காரணமாயிற்று. 'உனக்குத்தான் வேறு வருமானம் இருக்கிறதே, இது வெறும் படிதானே' என்று சொல்லிவிடலாம். தீண்டாமைக்கும் குறைகூலிக்கும் ஒரே விதி போதுமானதாக இருந்தது.

அந்தக் காலத்துத் திண்ணைக்காரருக்கு இது பெரிய இழப்பு இல்லை. நிலம் சோறு போட்டது; தபாலாபீஸ் ஊரில் மதிப்பைக் கொடுத்தது. யாருக்கு மணியார்டர் வருகிறது, யார் மகன் கோர்ட்டுக்குப் போயிருக்கிறான், எல்லாம் அவருக்கு முதலில் தெரியும். படி குறைவு என்று அவர் அரசோடு மல்லுக்கு நிற்க வேண்டிய அவசியம் வரவில்லை.

பிறகு நிலைமை மாறியது. இப்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து, இட ஒதுக்கீட்டோடு, இணையம் வழியாகத் தேர்வு நடக்கிறது. நம் பிள்ளைகள் வருகிறார்கள். கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களில் அப்பா அம்மா கூலிவேலைக்குப் போய்ப் படிக்கவைத்த பெண்கள் பி.பி.எம். ஆகி உட்காருகிறார்கள். இதைப் பார்க்கும்போது சீனிவாசனின் தீர்மானம் நூறு வருஷம் கழித்து வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆள் மாறிவிட்டார், சம்பளக் கணக்கு மாறவில்லை. நிலம் உள்ளவரை மனதில் வைத்துப் போட்ட படிதான் நிலமில்லாதவளுக்கும் கிடைக்கிறது. வேறு வருமானம் இருக்கிறது என்று அவளும் எழுதிக்கொடுக்கிறாள். இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதினால்தான் வேலை.

எவ்வளவு கிடைக்கிறது? கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அறிக்கை மேசையில் கிடந்தது. 2018 மே 22-ல் கிராமிய அஞ்சல் ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தமிழ்நாட்டிலும் கிளை அஞ்சலகங்கள் பூட்டிக் கிடந்தன. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 6-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நான்கு மணி நேர வேலைக்கு பி.பி.எம்.முக்கு மாதம் 12,000, மற்றவர்களுக்கு 10,000. ஐந்து மணி நேரமானால் 14,500, 12,000. இதன் மேல் அகவிலைப்படி. இது 2018 ஜூலை முதல். இலாகாவின் உள்ளே இருக்கும் கடைநிலை ஊழியருக்கு 2016 ஜனவரியிலிருந்தே அடிப்படைச் சம்பளம் 18,000. வேலையை விட்டுப் போகும்போது உள்ளே இருப்பவருக்குப் பணிக்கொடை உச்சவரம்பு 20 லட்சமாக ஆனது. வெளியே இருப்பவருக்கு அறுபதாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சமாக உயர்த்தினார்கள். அதற்குப் பெயரும் வெறும் பணிக்கொடை அல்ல, கருணைப் பணிக்கொடை. 65 வயது வரை பை சுமந்தவருக்கு உரிமையாக அல்ல, கருணையாக.

'நான்கு மணி நேரம்தானே, மீதி நேரம் வேறு வேலை பார்க்கலாமே' என்பார்கள். காலையில் பை வரும்வரை காத்திருக்க வேண்டும். மாலையில் பையைக் கட்டி அனுப்ப வேண்டும். நடுப்பகலை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கொடுத்தால், களையெடுக்கவோ கட்டட வேலைக்கோ யார் கூப்பிடுவார்கள்? சொந்தக் கடையும் சொந்தத் தோட்டமும் உள்ளவருக்குத்தான் அந்த மீதி நேரம் காசாகும். கூலிக்காரருக்கு அது காத்திருக்கும் நேரம்.

இப்போது நெருக்கடிக்கு வருகிறேன். 2019 ஏப்ரலில் நாளேடுகளில் ஒரு செய்தி வந்தது: 2018-19-ல் தபால் துறையின் பற்றாக்குறை சுமார் 15,000 கோடி ரூபாய், நஷ்டத்தில் பி.எஸ்.என்.எல்.-ஐயும் ஏர் இந்தியாவையும் மிஞ்சிவிட்டது. செலவில் பெரும்பங்கு சம்பளமும் ஓய்வூதியமும் என்றும் எழுதினார்கள். படித்தவர் மனதில் என்ன பதியும்? 'தபால்காரன் தின்றே தீர்த்துவிட்டான்.'

தோழர்களே, இந்த நஷ்டத்தை நாம் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு கிராமத்தில் கிளை அஞ்சலகம் திறக்கத் துறை வைத்திருக்கும் அளவுகோல் என்ன தெரியுமா? சாதாரணப் பகுதியில் செலவில் மூன்றில் ஒரு பங்கு வருமானம் வந்தால் போதும். மலை, பழங்குடிப் பகுதிகளில் 15 சதவீதம் போதும். அதாவது, கிராமத் தபாலாபீஸ் லாபம் சம்பாதிக்காது, சம்பாதிக்க வேண்டியதில்லை என்று துறையே முன்கூட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐம்பது காசு போஸ்ட் கார்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க அதைப் போலப் பல மடங்கு செலவாகிறது என்று தெரிந்துதான் அந்த விலை வைத்திருக்கிறார்கள். அது நஷ்டம் அல்ல, கொள்கை. பள்ளிக்கூடத்திடமும் ரேஷன் கடையிடமும் எவ்வளவு லாபம் என்று நாம் கேட்பதில்லை.

ஆனால் அந்தக் கொள்கையின் சுமையை யார் தலையில் வைத்திருக்கிறார்கள்? இங்கேதான் சம்பளப் பாதுகாப்பு என்ற கேள்வி வருகிறது. கிராமிய ஊழியரின் படி, அவர் அஞ்சலகத்தில் நடக்கும் வேலையின் அளவைக் கணக்கெடுத்துத் தீர்மானிக்கப்படுவது. எத்தனை கடிதம், எத்தனை கணக்கு, எவ்வளவு பணம் என்று கணக்கெடுத்து, நான்கு மணி நேரமா ஐந்து மணி நேரமா என்று முடிவாகும். ஊர் ஏழையானால் வேலை அளவு குறைவு. வேலை அளவு குறைவானால் படி குறைவு. லாபம் வேண்டாம் என்று கொள்கை சொல்கிறது. வரவு குறைந்தால் படி குறையும் என்று சம்பளச் சீட்டு சொல்கிறது. கொள்கையின் புண்ணியம் அரசுக்கு, செலவு அவளுக்கு.

நம் ஊர் விசைத்தறித் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டாம். நெய்த சேலைக்குக் கூலி. தறி நின்றால் கூலி நிற்கும். கிராமிய அஞ்சல் ஊழியரையும் கிட்டத்தட்ட அந்தத் தறியில்தான் உட்காரவைத்திருக்கிறார்கள், சட்டையில் மட்டும் சர்க்கார் முத்திரை. அதனால்தான் இலக்குகள் அவளைத் துரத்துகின்றன. இத்தனை சேமிப்புக் கணக்கு, இத்தனை கிராமிய ஆயுள் காப்பீடு, 2018 செப்டம்பருக்குப் பிறகு அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு வேறு. காலனியில் யாரிடம் பிரீமியம் கட்டப் பணம் இருக்கிறது?

பழமொழி ஒன்று உண்டு: கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்ட் உத்தியோகம். சம்பளம் குறைவென்றாலும் நிச்சயம் உண்டு என்பதுதான் அதன் பொருள். கிராமிய அஞ்சல் ஊழியருக்கு அதில் பாதிதான் வாய்த்தது. கால் காசு உண்டு, கவர்மெண்ட் இல்லை.

கவர்மெண்ட் என்ற அந்த நிச்சயம் எவ்வளவு பெரியது என்பதைப் பக்கத்து வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தபாலும் தந்தியும் ஒரே இலாகாவாக இருந்து 1985-ல் பிரிந்தன. தொலைபேசிப் பக்கம் 2000 அக்டோபர் 1-ல் பி.எஸ்.என்.எல். என்ற கம்பெனி ஆனது. தபால் இலாகாவாகவே நின்றது. 2019 பிப்ரவரிச் சம்பளம் பி.எஸ்.என்.எல். ஊழியர்களுக்கு உரிய நாளில் வரவில்லை. நிரந்தர ஊழியருக்குச் சில வாரம் தாமதம். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கோ மாதக்கணக்கில் கூலியே இல்லை. அதே ஆண்டு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 2020 ஜனவரி 31-ல் 78,000-க்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். தபால் துறையிலும் பற்றாக்குறை இருந்தது. ஆனால் இலாகா என்பதால் பற்றாக்குறை அரசின் பொது நிதியிலிருந்து நிரப்பப்பட்டது, சம்பளம் நிற்கவில்லை. இதிலிருந்து இரண்டு பாடம். இலாகாவைக் கம்பெனியாக்கினால் கடனும் நஷ்டமும் சம்பள நாளைத் தொடும். தொடும்போது முதலில் தொடுவது வெளியே நிற்பவரை.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். பஸ் இல்லை, வங்கிக்குப் போக வழி இல்லை. கைரேகைக் கருவியை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து பணம் கொடுத்தது தபால்காரர்தான். பணியில் இருந்து தொற்றால் இறந்தால் 10 லட்சம் என்று அறிவித்தபோது கிராமிய ஊழியரையும் சேர்த்துக்கொண்டார்கள். நல்லது. உயிரைக் கொடுக்கும் இடத்தில் உள்ளே. ஓய்வூதியம் கேட்கும் இடத்தில் வெளியே. அதே நேரத்தில் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை அகவிலைப்படி உயர்வையும் நிறுத்திவைத்தார்கள்.

அமெரிக்காவில் 1802-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: சுதந்திரமான வெள்ளையர் தவிர வேறு யாரும் தபால் சுமக்கக்கூடாது. தபால் சுமக்கும் கறுப்பின அடிமை நாலு ஊர் பார்ப்பான், செய்தி அறிவான், ஒன்றுசேருவான் என்ற பயம். அந்தத் தடை 1865-ல்தான் நீங்கியது. பிறகு அதே அஞ்சல் துறை பல கறுப்பினக் குடும்பங்களுக்கு நிச்சயமான சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்த முதல் இடமானது. 2006-ல் அங்கே இன்னொரு சட்டம் வந்தது. ஓய்வு பெறப்போகிறவர்களின் மருத்துவச் செலவுக்கான பணத்தை, பல பத்தாண்டுகளுக்கானதை, முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும் என்றது. வேறு எந்த அரசுத் துறைக்கும் இல்லாத சுமை. ஒவ்வொரு வருடமும் கணக்கில் பெரும் நஷ்டம் தெரிந்தது. 2022-ல் அந்த விதியை ரத்து செய்தார்கள். பல ஆயிரம் கோடி டாலர் பாக்கி ஒரே கையெழுத்தில் இல்லாமல் போனது. நஷ்டம் என்பது பல நேரங்களில் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் எழுதுவது. எழுதியதை அழிக்கவும் முடியும்.

நம் நாட்டிலும் அழித்திருக்கிறோம். 1977-ல் இராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த ஊழியர் வகிப்பது சிவில் பதவிதான், அரசியலமைப்பின் 311-வது பிரிவின் பாதுகாப்பு இவருக்கும் உண்டு, விசாரணை இல்லாமல் விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பாபாசாகேப் வரைந்து கொடுத்த அரசியலமைப்பு கிளை அஞ்சலகம் வரை வந்த நாள் அது. ஆனால் பதவி உண்டு, பணிக்கு வெளியே என்ற இடைநிலையில் அரசு அவரை நிறுத்திக்கொண்டது. ஏழாவது ஊதியக் குழுவும் அதே இடத்தில்தான் விட்டது. வாசல் வரை வா, திண்ணையில் ஏறாதே. என் பாட்டி நின்ற இடம்தான் அது.

இதனால்தான் இது நம் இயக்கத்தின் கேள்வி என்கிறேன். சேரி ஊருக்கு வெளியே இருக்கிறது. ஆனால் ஊரின் வேலை சேரி இல்லாமல் நடக்காது. இந்த ஊழியர் இலாகாவுக்கு வெளியே இருக்கிறார். கிராமத்தில் இலாகா என்பதே அவர்தான். வெளியே வைப்பது ஒதுக்குவதற்கு மட்டும் அல்ல, மலிவாக வேலை வாங்குவதற்கும்தான். பாபாசாகேப் 1938-ல் பம்பாயில் ஆலைத் தொழிலாளரோடு சேர்ந்து தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடத்தினார். சாதியும் கூலியும் வேறு வேறு மேடை என்று அவர் பிரித்ததில்லை. நாமும் பிரிக்க வேண்டாம்.

சங்கத் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளத்துக்குப் போராடும்போது திண்ணையைப் பற்றிப் பேசாமல் இருக்காதீர்கள். காலனிப் பெண் பி.பி.எம். ஆனால் ஆபீஸை எங்கே வைப்பது? அவள் வீட்டில் வைத்தால் ஊர்க்காரர் வரத் தயங்குகிறார். ஊரில் வாடகைக்குக் கேட்டால் வீடு கிடைப்பதில்லை. இடம் தர வேண்டிய பொறுப்பு அவள் மேல் இருக்கும்வரை சாதி அவள் சம்பளத்தில் கைவைத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது நான்கு. 'படி' என்பதை எடுத்துவிட்டுச் சம்பளம் என்று எழுத வேண்டும். ஊரில் கடிதம் குறைந்தாலும் அது குறையக்கூடாது. வேறு வருமானம் உண்டு என்ற உறுதிமொழியை நீக்க வேண்டும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் உரிமையாக வேண்டும். கிளை அஞ்சலகம் பொது இடத்தில், அரசு கொடுக்கும் கட்டடத்தில் இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2023-ல் நிறைவேறிய புதிய அஞ்சல் சட்டம் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டது. கடிதம் கொண்டுசெல்ல அரசுக்கு மட்டுமே இருந்த தனியுரிமை அதில் இல்லை. லாபம் உள்ள நகரத்தைத் தனியார் எடுத்துக்கொள்வார்கள். நெல்கட்டும்செவலுக்கும் செந்தட்டிக்கும் யாரும் போட்டிக்கு வரப்போவதில்லை. நஷ்டக் கணக்கு இன்னும் பெரிதாகத் தெரியும். அது வருவதற்குள் நம் கணக்கைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தின் ஒவ்வொரு கிளை அஞ்சலகத்துக்கும் போங்கள். யார் வீட்டில் இருக்கிறது, காலனியிலிருந்து எவ்வளவு தூரம், உள்ளே போய் உட்கார முடிகிறதா, எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் என்று கேட்டு எழுதுங்கள். பேசுபவர் பெயரைப் போடாதீர்கள். அவர் வேலை முக்கியம். எழுதியதை இந்த மன்றத்திடம் கொடுங்கள். கதையாக வந்தாலும் சரி, அட்டவணையாக வந்தாலும் சரி.

என் பாட்டி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. போன மாதம் ஒரு கிராமத்தில் ஒரு பாட்டி கிளை அஞ்சலகத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஏத்தா, எம் பேருல எம்புட்டு இருக்குன்னு பாரு" என்று பி.பி.எம். பெண்ணிடம் கேட்டதைப் பார்த்தேன். இருவரும் ஒரே காலனி. அந்தப் பாட்டிக்கு உள்ளே இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.